ஓட்டம், பட்டாளம், செக்கு: மூன்றாவது சுற்றுக்கும் மூச்சு மிச்சம் வேண்டும்

(விளையாட்டு மாணவர்களுக்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் சேர்த்து நடத்தப்பட்ட மாவட்ட வழிகாட்டிக் கூட்டத்தில், மரச்செக்கு எண்ணெய்த் தொழில் நடத்தும் முன்னாள் ஹவில்தார் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க, போதும்" என்றார்கள். என் வாழ்க்கையில் பெரிய வீரக்கதை எதுவும் இல்லை. பள்ளியில் ஓடினேன். பட்டாளத்தில் 24 வருஷம் இருந்தேன். இப்போது போளூர் பக்கம் எங்கள் ஊரிலேயே செக்கு ஆட்டுகிறேன். ஆனால் இந்த மூன்றும் எப்படி ஒன்றோடு ஒன்று இணைந்தது, எங்கே இணையாமல் போயிருக்கும் என்று சொன்னால் உங்களில் சிலருக்காவது பயன்படும். அதனால்தான் வந்தேன்.

முதலில் மாணவர்களுக்கு. நான் ஓடியது 800 மீட்டர். தளத்தை இரண்டு சுற்று சுற்றணும். பார்க்கிறவங்களுக்குச் சின்னப் பந்தயம் மாதிரி தெரியும். ஓடினவனுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பொல்லாததுன்னு. முதல் சுற்றிலேயே எல்லாத்தையும் கொட்டிட்டா, கடைசி 150 மீட்டர்ல கால் கல்லாயிடும். ரொம்பச் சேமிச்சு வெச்சா, முன்னாடி போனவனைப் பிடிக்க முடியாது. எங்க பி.டி. சார் கையில ஒரு பழைய ஸ்டாப் வாட்ச் இருக்கும். ஒவ்வொரு 200 மீட்டருக்கும் நேரத்தைச் சத்தமா சொல்வார். "யார் முன்னால போறான்னு பார்க்காதே, உன் நேரத்தைக் கேளு" என்பார்.

குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஏறிப் போனேன். மாநிலத்தில் ஐந்தாவது இடம். மெடல் இல்லை. ஆனால் ஒரு சான்றிதழ் கிடைத்தது. எங்க அப்பா மானாவாரியில் கடலை போடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, நிலப் பட்டா வைத்திருந்த தகரப் பெட்டியில் அதையும் வைத்தார். அந்தப் பெட்டியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

இப்போது உங்களுக்கு இருக்கிற வசதி அன்றைக்குக் கிடையாது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் இருக்கு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் இருக்கு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கு. மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பார்க்க யாருடைய சிபாரிசும் வேண்டாம். பெற்றோர் சிலர் "விளையாடிக் கெட்டுப் போறான்" என்கிறார்கள். அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன்: காலையில் 5 மணிக்குத் தானாக எழுந்திருக்கிற பிள்ளை எப்படி கெட்டுப் போவான்?

நான் 1994-ல் பட்டாளத்தில் சேர்ந்தேன். அப்போது எனக்கு 19 வயது. கல்லூரியில் ஒரு வருஷம் முடிந்திருந்தது. ஆள் எடுக்கும் முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் வைத்தார்கள். அது எனக்குப் பழகின தூரம். இன்றைக்கு முறை மாறிவிட்டது. முதலில் கணினி வழி எழுத்துத் தேர்வு. அதில் தேறினால்தான் ஓட்டத்துக்கே கூப்பிடுவார்கள். அதனால் தம்பிகளா, காலை மட்டும் நம்பாதீங்க, புத்தகத்தையும் எடுங்க. விளையாட்டுச் சான்றிதழுக்கும் என்சிசி சான்றிதழுக்கும் கூடுதல் மதிப்பெண் உண்டு. அதை எந்த வடிவத்தில், எந்தத் தேதிக்குள் கொடுக்கணும் என்று அறிவிக்கையைப் படித்துத் தெரிந்து கொள்ளுங்கள். "வேலை வாங்கித் தர்றேன், பணம் கொடு" என்று எவன் வந்தாலும், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. பட்டாளத்தில் ஆள் சேர்க்கக் காசு வாங்குவது கிடையாது.

பயிற்சி நீலகிரி மாவட்டம் வெலிங்டனில். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் அங்கேதான். தமிழன், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் ஒரே பாரக்கில். முதல் மாசம் குளிரும் புரியாது, இந்தியும் புரியாது. ஆனால் ஓட்டம் புரிந்தது. விசில் அடித்ததும் ஓடத் தெரிந்தவனுக்கு அங்கே பாதி மொழி தெரிந்த மாதிரி. பட்டாலியன் அணிக்காக கிராஸ் கன்ட்ரி ஓடினேன். 27 வயதில் முழங்கால் "போதும்டா" என்று சொல்லிவிட்டது. அதோடு ஓட்டக்காரன் என்ற முதல் வாழ்க்கை முடிந்தது.

மலைப் பகுதியில் வேலை பார்த்தபோது ஒரு விஷயம் கற்றேன். 9,000 அடிக்கு மேலே போனால் உடனே வேலை தர மாட்டார்கள். உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக முதல் கட்டமாக 6 நாள் வைப்பார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் கொஞ்ச நடை, அப்புறம் ஏற்றம். அதற்கு மேலே போகப் போக மறுபடியும் நாள் கணக்கு. "எனக்கு ஒண்ணும் இல்லை சார், நான் அத்லெட்" என்று முந்துகிறவன்தான் முதலில் தலைவலி, வாந்தி என்று படுப்பான். உடம்பு திடமாக இருக்கிறது வேறு, இடத்துக்குப் பழகுவது வேறு. ஊருக்குத் திரும்பி வந்தபோதும் எனக்கு இதுதான் கைகொடுத்தது. பட்டாளத்திலிருந்து கடைவீதிக்கு வருவதும் ஒரு மலை ஏற்றம். அங்கேயும் பழகுவதற்கு நாள் கொடுக்கணும்.

இங்கே ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மக்கன் சிங் என்று ஒரு ஓட்டக்காரர். பஞ்சாப்காரர், ராணுவ வீரர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெள்ளி, 4 பேர் ஓடும் தொடர் ஓட்டத்தில் தங்கம். கல்கத்தா தேசியப் போட்டியில் மில்கா சிங்கையே முந்தினவர். 1964-ல் அர்ஜுனா விருது. பட்டாளத்தை விட்டு வந்த பிறகு லாரி ஓட்டினார். பின்னால் ஒரு காலை இழந்தார். சொந்த ஊர்ப் பக்கம் சின்னக் கடை ஒன்று வைத்துக் காலம் தள்ளினார். 2002-ல் காலமானார். நாட்டுக்காக அந்த வேகத்தில் ஓடிய கால் அது.

லாரி ஓட்டுவதோ கடை வைப்பதோ குறைவு என்று நான் சொல்லவில்லை. நானே கடைக்காரன். என்னை உறுத்துவது வேறு. அவர் மெடல் வாங்கின நாளில் மைதானம் நிறைய ஆள் இருந்தது. பட்டாளத்தை விட்டு வீட்டுக்கு வந்த நாளில், "அடுத்து என்ன செய்யப் போறீங்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க அலுவலகங்கள் இருக்கு. அங்கே போய் நாம் உட்காருகிறோமா என்பதுதான் விஷயம்.

நான் 2018-ல் ஓய்வு பெற்றேன். வயது 43. மகன் பத்தாவது, மகள் ஏழாவது. கையில் பென்ஷன் இருக்கு. ஊரில் எல்லோரும், "அப்புறம் என்ன, நிம்மதியா இரு" என்றார்கள். 43 வயசுல நிம்மதியா இருந்தா, 45-ல நோயாளி ஆயிடுவோம். ஒரு நிறுவனத்தில் வாட்ச்மேன் வேலை வந்தது. உழைத்துச் சாப்பிடுகிற எந்த வேலையும் மரியாதையான வேலைதான். ஆனால் எங்க ஊரில் கடலை விளைகிறது. எண்ணெய் மட்டும் வெளியூரிலிருந்து பாக்கெட்டில் வருகிறது. இது எனக்கு லீவில் வரும்போதெல்லாம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

பணியில் இருக்கும்போதே மறுவாழ்வுப் பயிற்சிகளில் சேர வழி உண்டு. ஓய்வுக்கு முன்னால் சிறுதொழில் பயிற்சி ஒன்றை முடித்தேன். கடைசி இரண்டு லீவிலும் ஆரணிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் செக்கில் போய் உட்கார்ந்தேன். மூட்டை தூக்கினேன். பருப்பைக் கடித்துப் பார்த்தே காய்ச்சல் கண்டுபிடிக்கக் கற்றேன். நல்லா காய்ந்த பருப்பு 'டக்'கென்று உடையும். ஈரம் இருந்தால் பல்லில் நசுங்கும். அந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பத்து கிலோ பருப்பு ஆட்டினால் ஏறக்குறைய 4 லிட்டர் எண்ணெய், 6 கிலோ அளவுக்குப் புண்ணாக்கு. புண்ணாக்கு விற்கிற காசில்தான் கரண்டு பில்லும் கூலியும் நிற்கும். இதெல்லாம் கடன் மனு எழுதுவதற்கு முன்னால் கற்றது.

முதலில் போன வங்கியில் மூன்று முறை அலைந்தும் நடக்கவில்லை. அடுத்து போன இடத்தில் மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அறுவடை சமயத்துல கடலை கிடைக்கும். மத்த மாசத்துல என்ன ஆட்டுவீங்க?" நான் காகிதத்தை எடுத்து வைத்தேன். எந்த மாசம் எவ்வளவு கடலை வாங்கி இருப்பு வைப்பது, எள்ளு எப்போது, கொப்பரை எங்கிருந்து, மக்கள் கொண்டு வருகிற சரக்கைக் கூலிக்கு ஆட்டினால் எவ்வளவு. எல்லாம் 200 மீட்டருக்கு ஒரு நேரம் எழுதுகிற மாதிரி மாசத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன், இளைஞர்கள் குறித்துக் கொள்ளுங்கள். மாவட்டத் தொழில் மையம் மூலமாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பித்தேன். திட்ட மதிப்பு 10 லட்சம். முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவில் வருவதால் என் பங்கு 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய். மீதி 9.5 லட்சம் வங்கி. கிராமப்புறம் என்பதால் 35 சதவீதம் மானியம், 3.5 லட்சம். அந்த மானியத்தைக் கையில் தர மாட்டார்கள். 3 வருஷம் வங்கியில் வைப்பாக இருக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால் கடனில் கழிப்பார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல், "மானியம் வந்துடுச்சாம், எனக்குத் தரல" என்று வங்கியில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நம் மாநில அரசே முன்னாள் படைவீரர்களுக்காக 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் வைத்திருக்கிறது. 2024 சுதந்திர தின உரையில் அறிவித்தார்கள். ஒரு கோடி ரூபாய் வரை தொழில் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். விவரம் வேண்டுமென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அங்கே போக வெட்கப்படுகிற வீரர்கள் இருக்காங்க. எல்லையில் நிற்க வெட்கப்படாதவன் கவுண்டரில் நிற்க ஏன் வெட்கப்படணும்?

கடை திறந்த பிறகு கற்ற பாடம் ஒன்று. பட்டாளத்தில் நான் சொன்னால் பத்து பேர் நகர்வார்கள். கடையில் நான் சொன்னால் யாரும் நகர மாட்டார்கள். அவர்கள் சொன்னால் நான் நகரணும். முதல் வாரம் ஒரு பாட்டி 5 கிலோ பருப்பு கொண்டு வந்தார். செக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "போய்ட்டு சாயங்காலம் வாங்க பாட்டி" என்றேன். "ஏன், நான் போனதும் மாத்திடுவியா?" என்றார். ஒரு நிமிஷம் சுருக்கென்று இருந்தது. அப்புறம் யோசித்தேன். அந்த அம்மாவுக்கு அது 5 கிலோ பருப்பு இல்லை. களை எடுத்த நாலு மாசம். அன்றையிலிருந்து கூலிக்கு வருகிற ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நோட்டு. வந்த எடை, கொடுத்த எண்ணெய், கொடுத்த புண்ணாக்கு. அவங்க கண் முன்னாலேயே தராசில் வைப்பேன். மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும். தொழிலாளர் துறையில் அதைச் செய்கிறேன். அந்த முத்திரைதான் எனக்கு இப்போது தோளில் இருக்கிற பட்டை. அந்தப் பாட்டி போன வருஷம் வரை எங்களுக்குத்தான் கொண்டு வந்தார். இன்றைக்கு இரண்டு செக்கு, வேலைக்கு ஆறு பேர். அதில் நாலு பேர் பெண்கள்.

இனி, தகரப் பெட்டி. அப்பா என் சான்றிதழைப் பட்டாவோடு வைத்தார் இல்லையா? அந்தப் பழக்கம் எனக்கும் வந்தது. டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதிய ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, மனைவி பிள்ளைகள் பெயர் ஏறிய பார்ட் டூ ஆர்டர், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே இடம். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பக்கத்து ஊரில் என் கூட இருந்த ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் பதிவேட்டில் மனைவி பெயர் வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர். ஆதாரில் வேறு பெயர். பிறந்த தேதியும் பொருந்தவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. அந்த அம்மா இரண்டு பிள்ளைகளோடு நூறு நாள் வேலைக்குப் போனார். 20 வருஷம் நாட்டுக்கு நின்ற மனிதனின் வீடு அது.

அதனால் அண்ணன்மாரே, இன்றைக்கு ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து பெயர்களைச் சரி பாருங்கள். மூன்று காகிதத்தில் மூன்று எழுத்து இருந்தால், நீங்கள் உயிரோடு இருக்கும்போதே மாற்றுங்கள். பென்ஷன் கணக்கு மனைவியோடு கூட்டுக் கணக்காக இருக்கட்டும். ஸ்பர்ஷ் தளத்தில் ஆண்டுதோறும் வாழ்வுச் சான்று கொடுக்கணும் என்பதை மனைவிக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் தொழில் படிப்பு சேர்ந்திருந்தால் பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள்: தேர்வானால் மாணவர்களுக்கு மாதம் 2,500, மாணவிகளுக்கு 3,000 ரூபாய். தாய்மார்களே, கணவர் எல்லையில் இருக்கும்போது இந்தக் காகிதங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கணும். "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லாதீங்க.

கடைசியாக, அக்னிவீரர்களாகப் போக நினைக்கும் தம்பிகளுக்கு. எங்களுக்கு மூன்றாவது வாழ்க்கை நாற்பதுக்கு மேல் வந்தது. உங்களுக்கு 22, 23 வயதிலேயே வரும். நாலு வருஷப் பணி. அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரமாக எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு ஊருக்கு வருவார்கள். பென்ஷன் கிடையாது. முதல் தொகுதி பயிற்சிக்குப் போனது 2023 தொடக்கத்தில். அவர்கள் நாலு வருஷம் முடிப்பது 2027 தொடக்கத்தில். அந்தப் பணம் வருகிற அன்றைக்கு மாமா, மச்சான் எல்லோருக்கும் உங்கள் ஞாபகம் வரும். வீட்டுக்கு டைல்ஸ் போடலாம், பைக் வாங்கலாம் என்று யோசனை சொல்ல ஆள் இருக்கும். நாலு வருஷத்தில் ஒவ்வொரு லீவிலும் ஒரு தொழிலைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். வாங்கின சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். விட்ட படிப்பைத் தொலைதூரக் கல்வியிலாவது முடியுங்கள். ஆறு மாசம் பணத்தை வங்கியிலேயே தூங்க விடுங்கள். மலை ஏறுகிறவனுக்குப் பழக 6 நாள் கொடுக்கிறார்கள். கடைவீதிக்கு வருகிறவனுக்கு 6 மாசம் கொடுத்தால் குற்றமில்லை.

ஓட்டம் முடியும், சீருடை கழற்றப்படும். நேரத்தைக் கவனிக்கிற காது, எடையை மறைக்காத கை, காகிதத்தைப் பத்திரப்படுத்துகிற பழக்கம் இவை உங்களோடேயே வரும். இவற்றுக்கு ஓய்வு வயது கிடையாது. கூட்டம் முடிந்ததும் வெளியே மேசை போட்டிருக்கிறார்கள்: முன்னாள் படைவீரர் நலம், தொழில் மையம், விளையாட்டு அலுவலகம், இ-சேவை. சாப்பாடு எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் அங்கே போய் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வாருங்கள்.